இருதலைப் பறவையின் வாரம்

பறவையின் மேல் இன்னும் சாம்பிராணி வாசம் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம் என்று அம்மா சொன்னாள், வேண்டாமென்று பிடுங்கிக்கொண்டேன். இப்போது அது என் மேசையில், பூகோளப் புத்தகத்தின் மேல் நிற்கிறது. சிவப்பு பிளாஸ்டிக் இறக்கை, இரண்டு தலை, இரண்டு அலகும் திறந்தபடி. நாம் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோமே, அதே பறவை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பள்ளி விட்டதும் நாம் நேரே ஓடுவது காஜா பேராங் சாலை முனையில் இருக்கும் தவுக்கே கடைக்குத்தான், அந்தச் சீன முதலாளியின் மளிகைக் கடைக்கு. சுவரில் திக்காம் அட்டை தொங்கும். அதில் ஒட்டியிருக்கும் சீட்டுகளில் ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஓர் எண். அந்த எண்ணுள்ள பொம்மை நமக்கு. எண் இல்லாவிட்டால் ஒரு புளிப்பு மிட்டாய். மற்றப் பெண்கள் மோதிரமும் சீப்பும் விழவேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். நமக்கு வேண்டியது பூதங்கள். கொம்பு முளைத்த அரக்கன், மீன் வால் வைத்த சிங்கம், பச்சை நிறத்தில் செவ்வாய்க் கிரகத்து ஆள். எல்லாவற்றுக்கும் மேலே, அட்டையின் உச்சியில் நூல் கட்டித் தொங்கிய இந்தப் பறவை.

"அந்தப் புருங் மேல மட்டும் ஆசப்படாதீங்க-லா. அது பறந்துட்டா என் கடைக்கு எவன் வருவான்?" என்று தவுக்கே சிரிப்பார்.

"அதுக்கு நம்பர் எழுதுனீங்களா, இல்லயா? அத மொதல்ல சொல்லுங்க," என்று நீ இடுப்பில் கைவைத்துச் சண்டைக்கு நிற்பாய்.

நீயும் தவுக்கேயும் மலாயில்தான் பேசிக்கொண்டீர்கள். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். நமக்குள் எப்போதும் அப்படித்தானே? நீ மலாயில் கேட்பாய், நான் தமிழில் பதில் சொல்வேன். தலைமுறைகளாக மலாயே பேசும் தமிழ் வம்சத்தார் குடியிருக்கும் செட்டிக் கம்பத்துப் பிள்ளையான உன்னைப் பார்த்து என் அப்பாவுக்குத் தீராத வியப்பு. "சாமி பேரு, நெத்தியில விபூதி, வாயத் தொறந்தா மலாய்!" என்பார். "உங்க அப்பா வாயத் தொறந்தாலும் பாதி மலாய்தான்டி" என்று நீ என் காதில் சொல்வாய்.

சேர்ந்த பூதங்களை ஒரு ரொட்டி டின்னில் போட்டுவைத்தோம். ஒரு வாரம் உன் வீடு, ஒரு வாரம் என் வீடு, சனிக்கிழமை கைமாற வேண்டும். நான் அவற்றை வகை பிரிக்கப் பார்ப்பேன்: புராணத்து அரக்கர் இந்தப் பக்கம், கடல் பிராணிகள் அந்தப் பக்கம், கிரகத்து ஆட்கள் தனியே. நூலகத்தில் படித்ததையெல்லாம் சொல்லி வாதாடுவேன். நீ கேட்கமாட்டாய். எல்லாவற்றையும் வட்டமாக, முகம் பார்க்க நிறுத்துவாய். "தனியா வச்சா பயந்துக்கும்" என்பாய். "டியா புன் தாக்குட்." அதற்கும் பயம்தான். எந்தக் கோரமான பொம்மையைப் பார்த்தாலும் நீ முதலில் சொல்வது அதுதான்.

செவ்வாய்க் கிரகத்து ஆளுக்கு மூக்கு இல்லை. அவன்மேல் உனக்குத் தனிப் பிரியம். "இவன்தான்டி கெட்டிக்காரன். இவனுக்குச் சளியே பிடிக்காது" என்றாய். உனக்குச் சளி என்றுதான் ஆரம்பித்தது. பிறகு காய்ச்சல், பிறகு ஆஸ்பத்திரி. டின் என் வீட்டில் இருந்த வாரம் அது. அடுத்த சனிக்கிழமை அதை உன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு நான் கடைப்பக்கம் போகவில்லை. போன மாதம் ஒருநாள் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. ஒரு சீட்டைக் கிழித்தேன். தவுக்கே சீட்டை வாங்கி எண்ணைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், ஸ்டூலைப் போட்டு ஏறிப் பறவையின் நூலை அறுத்தார்.

"விழுந்துருச்சுடி!" என்று கத்திக்கொண்டே நீ நிற்கும் பக்கம் திரும்பினேன். அங்கே அரிசி மூட்டைதான் இருந்தது. அப்போது ஒன்று நினைத்தேன். இனிமேல் இதைப் பங்கு போட வேண்டியதில்லை.

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்த நினைப்பு.

பறவையை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். உன் அம்மாவை வழியில் பார்த்தால் குனிந்துகொண்டு போனேன். போன வாரம் அவரே என்னை நிறுத்தினார். "பழக்காலம் வந்துருச்சு. ஞாயித்துக்கிழம பார்ச்சு, எங்க வீட்டுல போனவங்களுக்குப் படைக்கிற நாள். இந்தத் தடவ அவளுக்கும் எல போடுறோம். அவளுக்குப் பிடிச்சது ஏதாச்சும் இருந்தா எடுத்துட்டு வா."

"சரி, மாமி" என்றேன். என் தாத்தா இறந்தபோது அவருடைய கண்ணாடியையும் வெற்றிலைப் பெட்டியையும் கடலில் விட்டார்கள். போனவர்களுக்குக் கொடுத்தது திரும்பி வராது என்றுதான் எனக்குத் தெரியும். அதனால் மூக்கில்லாதவனைப் பையில் போட்டுக்கொண்டேன். உனக்கு அவனைத்தான் பிடிக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய் இல்லை. ஆனால் நான் அவனை எடுத்தது அதற்காக இல்லை.

உன் வீட்டுக் கூடத்தில் வாழையிலைகள் வரிசையாக இருந்தன. பெரியவர்களுக்கெல்லாம் மங்குஸ்தீன், டுரியான், பலகாரங்கள். கடைசியில் உன் இலை. ரம்புத்தான் குவியலுக்குப் பக்கத்தில் கைநிறையப் புளிப்பு மிட்டாய்.

"தெனமும் இதத்தான் வாங்கித் தின்னுட்டு வருவா. அவ்வளவு ஆச" என்று மாமி ஒரு மிட்டாயை நேராக்கி வைத்தார்.

அது ஆசைப்பட்டு வாங்கியது இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சீட்டில் எண் இல்லாத ஒவ்வொரு நாளும் நீ வாயில் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வீடு திரும்பிய மிட்டாய். நீ தோற்றதையெல்லாம் பொறுக்கி உனக்கே படைத்திருந்தார்கள். பரிசாக விழுந்த பறவை என் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது.

ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. இழுப்பறையைத் திறந்து பறவையை எடுத்தேன். திரும்பி வந்தபோது சாம்பிராணி போட ஆரம்பித்திருந்தார்கள். பறவையை மிட்டாய்களின் நடுவே வைத்தேன்; மூக்கில்லாதவன் பையிலேயே இருந்தான். மாமி அதைப் பார்த்தார், பக்கத்து மிட்டாயை நகர்த்தி அதற்கு இடம் விட்டார். எல்லோரும் வெளியே வந்து, போனவர்கள் நீங்களெல்லாம் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு நின்றோம். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. போகட்டும், அது உன்னுடையது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மனம் முழுதாகச் சொல்லவில்லை.

கதவு திறந்ததும் மாமி பழங்களைப் பங்கிட்டார். எனக்கு ரம்புத்தான், ஒரு மிட்டாய், அதோடு பறவையும்.

"இது அவளுக்கு..." என்றேன்.

"அவ பாத்துட்டா, பாப்பா. மிச்சம் இருக்கறவங்களுக்கு. எங்க வழக்கம் அதுதான்."

மறுத்திருக்க வேண்டும். அவர் சொல்லி முடிக்கும் முன்பே என் கை நீண்டுவிட்டது. மிட்டாயை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டேன், முகம் சுளிக்காமல். அது நீ தோற்ற நாளின் மிட்டாய் என்று மாமியிடம் சொல்லவில்லை. சொல்லமாட்டேன்.

பறவை தொங்கிய இடத்தில் தவுக்கே காகிதக் கொடி ஒன்றைக் குத்தியிருக்கிறார். பள்ளியில் சுதந்திர ஊர்வலத்துக்கு நடை பழகுகிறோம். வரிசையில் உன் இடத்தில் வேறொருத்தி நிற்கிறாள், உயரம் சரியாக இருக்கிறது என்பதற்காக. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அதற்கும் உன்னிடம் கூச்சமாக இருக்கிறது.

நேற்று மாமியிடம் கேட்டேன்: "டின் ஒரு வாரம் உங்க வீட்டுல இருக்கட்டுமா?"

"எதுக்கு?"

"அவ முறை."

மாமி தையல் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த அலமாரித் தட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

கடையில் நான் நினைத்தது இதனால் அழிந்துவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்று சனிக்கிழமை. பறவையையும் இப்போது மேசையிலிருந்து எடுத்து டின்னில் வைத்துவிட்டேன், மூக்கில்லாதவனுக்கு எதிரே, முகம் பார்க்க. மூடி சரியாக அழுந்தவில்லை, நடந்தால் குலுங்கும். உங்கள் சந்துப்பக்கம் அந்தச் சத்தம் கேட்டால் நான்தான், உன் வாரத்தைக் கொண்டுவருகிறேன்.