பெட்டியில் இருந்த பதினோரு புத்தகங்கள்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே அதேபோல இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எங்கள் நினைப்பு. இந்தக் கடிதத்தை எப்போதும்போல நான் சொல்லச் சொல்லத் தையல்காரர் எழுதவில்லை, நானேதான் எழுதுகிறேன், இன்றோடு நான்கு நாள் ஆகிறது. ழ வந்தால் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் இளைப்பாறிக்கொள்கிறேன். மாலை வகுப்பில் சேர்ந்து எட்டு மாதத்தில் இவ்வளவு வந்திருக்கிறது. தெருவில் இருக்கிற போர்டுகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே நடப்பதால் உன் அம்மா என்னோடு கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பேரன் பேத்தி எடுத்த வயசுல பேனா எடுத்திருக்கார் பாருங்க என்று பால்காரரிடம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்கு ஒரு வரி எழுதி முடித்தால் மலை ஏறி இறங்கின மாதிரி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை முதலில் சொல்லிவிட்டேன், இனிமேல் எழுதப்போவதில் அது இல்லை.

நீ படித்த நம் பள்ளிக்கூடத்தை இந்த வருடத்தோடு மூடுகிறார்கள். உனக்குக் கணக்கு எடுத்த டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒன்றரை வருடமாகப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அக்கா தங்கை இரண்டு பேர் தங்கள் வீட்டு முன்னறையில் ஏழு பெண்பிள்ளைகளை உட்காரவைத்துத் தொடங்கியது என்று எல்லாரும் வாயால் சொல்கிறோம். சொல்லிக் கேட்டது வரலாறு ஆகாது அண்ணா, எழுத்துல இருக்கணும் என்பார் டீச்சர். பழைய மாணவிகள் வீடு வீடாகப் போய் போட்டோ சேகரித்தார், ஒன்றிலும் தேதி இல்லை. இதற்கு நடுவில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பள்ளி தொடங்கிய நாளிலிருந்து தொடர்ந்து நடந்ததற்குச் சேர்க்கைப் பதிவேடுகளைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி ரத்து, இருக்கிற தொண்ணூற்று நான்கு பிள்ளைகளும் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. டீச்சர் கலங்கிப்போய் வந்தபோது நான் சிரித்தேன் பாப்பா. எதுக்கும்மா கவலை, எல்லாம் எங்க வீட்டுப் பெட்டியில பத்திரமா இருக்கு என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உங்களை மாதிரி ஒரு பியூன் எந்த ஸ்கூலுக்கும் கிடைக்க மாட்டாங்கண்ணா என்றார்.

கட்டிலுக்கு அடியில் இருக்கிற தகரப்பெட்டி உனக்குத் தெரியும், நீ அதன்மேல் ஏறி நின்றுதான் தலை வாருவாய். பெருமழை பெய்து ஆவண அறைக் கூரை ஒழுகின வருடம் அதில் பதினோரு புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தேன். தோல் அட்டை, முதுகில் பொன் எழுத்து, ஒவ்வொன்றும் செங்கல் கனம். வருடம் தவறாமல் வெயிலில் காயவைத்து அந்துருண்டை மாற்றினேன். பெரிய டீச்சர் தலைமை ஆசிரியை வேலையிலிருந்து போனபிறகு யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, என் கையில் இருந்தால்தான் பத்திரம் என்று ஒரு கர்வம். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு காலையில் கணக்கு டீச்சர் வந்தார். முதல் வரியை நான்தான் படிப்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இத்தனை வருடம் கட்டிக் காத்ததை என் வாயாலேயே படிக்கப்போகிறேன் என்று வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டேன். விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். சாக்பீஸ் பெட்டி நான்கு. துடைப்பம் இரண்டு. மைக்கூடு பன்னிரண்டு. பிழையில்லாமல் படித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியில் நிமிர்ந்து பார்த்தால் டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்ததை எடுங்கண்ணா என்றார். அதிலும் பெஞ்சு, மணி, வாளி. பதினொன்றும் சாமான் பதிவேடு. யாரோ தானம் கொடுத்த நல்ல நோட்டு என்று அதில் சாமான் எழுதியிருக்கிறார்கள், பிள்ளைகளின் பெயரை நூல் கட்டின பழுப்பு நோட்டில் எழுதியிருக்கிறார்கள். அட்டை கிழிந்து மெலிசாகக் கிடந்த அந்த நோட்டுகளை நான்தான் ஈரக் குப்பையோடு பழைய பேப்பர்காரர் வண்டியில் அள்ளிப் போட்டேன்.

எடுக்கும்போது பார்க்கலையாண்ணா என்று ஒரு வார்த்தை கேட்டார். பெரிய டீச்சர் எடுத்துக் கொடுத்ததைக் கொண்டுவந்தேம்மா என்றேன். பொய் பாப்பா. அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் காப்பாத்துங்க, மத்தது போனாப் போகட்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப ஓடினார். முப்பத்தெட்டு வருடம் நாடாவின் நிறத்தையும் காகிதத்தின் வாசனையையும் வைத்து ஃபைல் எடுத்துக் கொடுத்தவன் நான், எனக்குப் படிக்கத் தெரியாது என்று அப்போது அங்கே உன்னைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லாம் நனைந்து நிறமும் இல்லை வாசனையும் இல்லை. எது கனமாக அழகாக இருந்ததோ அதுதான் முக்கியமானது என்று எடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை கெடு முடிந்தது, மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. டீச்சரின் புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் அப்போதைய தலைமை ஆசிரியையின் கவனக்குறைவால் பதிவேடுகள் அழிந்தன என்று ஒரு வரி இருக்கிறது, எனக்குக் கொடுத்த தாளில் நானே படித்தேன், மூன்று தடவை படித்தேன். பெரிய டீச்சருக்கு எண்பத்தெட்டு வயது, படுக்கையில் இருக்கிறார். கணக்கு டீச்சர் போய் அவரிடம் கேட்டதற்கு, நான்தான் அவசரத்துல மாத்திக் கொடுத்திருப்பேன், பியூன் தப்பு பண்ணியிருக்க மாட்டார், அவர் ரொம்பக் கவனமானவர் என்றாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா, நடந்தது நடந்துபோச்சு, சாகப்போற காலத்துல எதுக்கு மானத்தை வாங்கிக்கிறீங்க என்கிறாள். ஆனாலும் நடந்ததை ஒரு தாளில் எழுதி முடித்துவிட்டேன், அரைப் பக்கம்தான் வந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லி நாளைக்கு டீச்சரிடம் கொடுத்துவிட்டு, அப்படியே பெரிய டீச்சர் வீட்டுக்கும் போவேன். இதனால் பள்ளிக்கூடம் திறக்காது. யாரும் என்னைத் திட்டாவிட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அப்போது நீ ஏழாம் வகுப்பு. முழங்கால் தண்ணீரில் ஆவண அறை வாசலுக்கு வந்து, அப்பா நான் படிச்சுச் சொல்றேன், எது வேணும் என்று கேட்டாய். பின்னால் இரண்டு டீச்சர்கள் நின்றார்கள். போடி கிளாசுக்கு, பெரிய மனுஷி வந்துட்டா என்று கத்தினேன். நீ அழுதுகொண்டே போனாய், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிடிவாதக்காரி என்று உன் அம்மாவிடம் உன்னைத்தான் குறை சொன்னேன். இரண்டு நிமிடம் உன்னை உள்ளே விட்டிருந்தால் போதும்.

நீ நூறு வயது நன்றாக இரு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். போனில் நீ ஒன்று சொன்னாயே, பேத்திக்குக் கரும்பலகை எழுத்து தெரியவில்லை, அதை யாரிடமும் சொல்லாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிச் சமாளிக்கிறாள், கெட்டிக்காரி என்று சிரித்தாய். சிரிக்காதே பாப்பா. திட்டவும் திட்டாதே. இந்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

இப்படிக்கு
உன் அப்பா