வக்கீல் எழுதிய காரணங்கள்

மார்ச் 4

மேனேஜர் சாருக்கு,

இல்லைங்க, பயந்து ஓடி வரவில்லை. நீங்கள் கேட்ட அன்றே சொல்லியிருப்பேன். போனில் மூன்றாவது ஆள் மூச்சுவிடுகிறான். அதனால்தான் கடிதம்.

அமைச்சரின் போலிக் கடன்களை நீங்கள் பத்திரிகையில் போட்டு உடைத்த மறுநாளே நம் கேட்டுக்கு எதிரே அந்தக் கார் வந்து நின்றது. நிற்கட்டும் என்றுதான் இருந்தேன். அதில் வந்தவன் பள்ளி வாசலில் நம் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். பெட்டி கட்டினேன்.

அண்ணன் வீட்டு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கையை நீட்டினால் தொடலாம். அண்ணன் எதுவும் கேட்பதில்லை. அண்ணிதான் பாத்திரம் கழுவும்போது, எனக்குக் கேட்கிற மாதிரி, குழாயோடு பேசுகிறாள்: "ஒன்பது வருஷம் அந்த மந்திரிகூட உக்காந்து தின்னாச்சு. இப்ப ஏப்பம் நாறுதாமா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

பெண் கேட்டாள்: "அப்பா திருடினாரா, இல்ல திருடனைப் பிடிச்சுக் குடுத்தாரா?" ரெண்டும் என்றேன். "அப்ப ஸ்கூல்ல எதைச் சொல்றது?" என்றாள்.

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இங்கே ஒரு பல் கிளினிக். முதலாளி என்னைவிட இளையவர். இத்தனை வருடம் கழித்துக் கருவியைத் தொட்டதில் முதல் நாள் எது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் இல்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். விசாரணைக் குழு முன்னால் நீலச் சட்டை வேண்டாம். அதில் ரொம்பப் பணக்காரராகத் தெரிகிறீர்கள்.

உங்கள்
டாக்டரம்மா


மார்ச் 11

என் டாக்டரம்மாவுக்கு,

வங்கியின் நிர்வாக இயக்குநர் ஆன பிறகும் என்னைப் பழைய கிளை மேனேஜராகவே வைத்திருந்தவள் நீ ஒருத்திதான். இப்போது பதவி எதுவும் இல்லை. நீ கூப்பிடுகிற பெயர் மட்டும் மிச்சம்.

வீடு நாளுக்கு நாள் பெரிதாகிறது. சமையல்காரர் நின்றுவிட்டார். டிரைவர் சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுச் சொல்லாமல் போனார். வாசலில் ஒரு போலீஸ்காரர். காவலா, கண்காணிப்பா என்று கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரே சம்பளம்தான் சார்" என்றார்.

அண்ணன் ஏன் என்று கேட்டால் தோட்டக்காரரைப் பற்றிச் சொல். டிவிக்காரர்கள் சொல்கிற மனசாட்சி எல்லாம் அதற்கு முன்னால் இல்லை. அமைச்சர் வீட்டுத் தோட்டக்காரர், மனைவியின் ஆபரேஷனுக்குச் சின்னக் கடன் கேட்டு வந்தார். கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. அவர் பெயரில் ஒரு சிமெண்ட் கம்பெனி, அதற்குப் பல கோடி கடன் பாக்கி. அமைச்சர் சொல்லி நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடன். "கம்பெனியா? நான் செடிக்குத் தண்ணி ஊத்தறவன் சார்" என்றார். அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியத்துக்கு வருகிறேன். நான் சாட்சி சொன்னாலும் சொத்தெல்லாம் ஜப்தியாகும் என்கிறார் வக்கீல். வீடும்தான். ஒரே வழி, நாம் விவாகரத்து வாங்கிக்கொள்வது. காகிதத்தில் மட்டும். ஜீவனாம்சமாக வீடு உன் பெயருக்கு வந்துவிடும், யாரும் தொட முடியாது. எல்லாம் ஓய்ந்ததும் பழையபடி. எத்தனையோ பேருக்கு நானே இப்படி ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. சம்மதம் என்று ஒரு வரி எழுது.

உன்
மேனேஜர்


மார்ச் 17

அன்புள்ள உங்களுக்கு,

அண்ணனுக்கு யோசனை பிடித்துவிட்டது. "மாப்பிள்ளை விவரமான ஆளு" என்றார். அண்ணி குழாயைத் திறந்துவிட்டு, "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம். யாருக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறீர்கள்? சொத்தை அடுத்தவர் பெயரில் எழுதி ஒளித்து வைத்தவருக்கு எதிராக. அவருக்குத் தோட்டக்காரர் கிடைத்தார், உங்களுக்கு நான். அவர் தோட்டக்காரரைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், அந்த மட்டும் நன்றி.

வீடு போகட்டும். இங்கே வந்துவிடுங்கள். மாடி அறையில் மூன்று பேர் படுக்கலாம், பாயைப் போட்டுப் பார்த்தேன். என் சம்பளத்தில் சாப்பிடலாம். அண்ணி பேசுவாள், பேசட்டும்.

வருவீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
டாக்டரம்மா


மார்ச் 24

டாக்டரம்மா,

அந்த ஆளோடு என்னை ஒரே தட்டில் வைத்துவிட்டாய். வலித்தது. நான் ஊரை அடித்து உலையில் போடவா கேட்கிறேன்? உனக்கும் பெண்ணுக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை. அவ்வளவுதான். பல் பிடுங்குகிற சம்பளத்தில் எத்தனை நாள் ஓட்டுவாய்? நாளைக்கு என்னையும் உள்ளே தள்ளினால்?

நீ கேட்கிற மாதிரி, உன் பெயரில் மனுவைத் தயார் செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். காரணம் இல்லாமல் கோர்ட்டு பிரிக்காதாம். அதனால் வக்கீலே உட்கார்ந்து கற்பனையில் எழுதியிருக்கிறார். என்னை ஒரு அரக்கனாக ஆக்கிவிட்டார் மனுஷன். நான் படித்துச் சிரித்தேன், நீயும் சிரிப்பாய். எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதே, கையெழுத்து மட்டும் போடு. வியாழக்கிழமை என் சாட்சியம். அதற்குள் தாக்கலாகிவிட்டால் நல்லது.

நீலச் சட்டைதான் போடப் போகிறேன். மற்றதெல்லாம் அழுக்கு.

உன்
மேனேஜர்


ஏப்ரல் 2

உங்களுக்கு,

வியாழக்கிழமை கிளினிக் டிவியில் பார்த்தேன். நாற்காலியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த பெரியவர் துப்ப மறந்து பார்த்தார். அமைச்சர் பெயரைச் சொன்னபோது உங்கள் குரல் இறங்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் நேரான பதில். பெருமையாக இருந்தது. என் புருஷன் என்று பெரியவரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். என்னிடம் நீங்கள் ஒருநாளும் அப்படிப் பதில் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் தோன்றியது.

அன்று மாலை மனுவைப் படித்தேன்.

"மனுதாரரைக் கலந்துகொள்ளாமலே கணவர் எல்லா முடிவுகளையும் எடுத்தார்." வீடு வாங்கியது, பள்ளியை மாற்றியது எல்லாம் எனக்குச் செய்தியாகத்தான் வந்தது. பத்திரிகைக்குப் போகப் போகிறீர்கள் என்பது செய்தியாகக்கூட வரவில்லை. பால்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

"மனுதாரர் தம் தொழிலைக் கைவிட நேர்ந்தது." உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம் என்று சொன்னீர்கள். என் கிளினிக் நாற்காலியை ஆட்கள் இறக்கிக்கொண்டு போன அன்று நீங்கள் வெளியூரில்.

"மனுதாரரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டதில்லை." வருவீர்களா என்று கேட்டிருந்தேன். பதிலில் சட்டையைப் பற்றி இருந்தது.

உங்கள் வக்கீல் என்னைப் பார்த்ததுகூட இல்லை. எங்கேயோ மேசையில் உட்கார்ந்து, ஒரு பெண்டாட்டிக்கு என்னவெல்லாம் நடந்திருக்கலாம் என்று யோசித்து எழுதியிருக்கிறார். பொய்யை அடிக்கலாம் என்று பேனாவோடு தேடினேன். அரக்கனைக் காணோம். நீங்கள்தான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தீர்கள்.

கோபம் இல்லை. இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் உங்கள் பெண்டாட்டியாக இருந்திருப்பேனோ என்னவோ.

பெண் லீவுக்கு உங்களிடம் வருவாள். தடுக்க மாட்டேன். நீங்கள் சாட்சி சொன்னதைப் பள்ளியில் தானாகவே சொல்லியிருக்கிறாள்.

வீட்டை எனக்குத் தரச் சொல்லும் பத்தியை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பக்கத்திலும் போட்டேன். இன்று காலை நானே கோர்ட்டுக்குப் போய்க் கொடுத்தேன். குமாஸ்தா பார்த்துவிட்டு, "ஒண்ணுமே வேணாமாம்மா? நல்லா யோசிச்சுக்குங்க" என்றார். யோசித்தாகிவிட்டது என்றேன். ரசீதை வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து கிளினிக்குக்கு வந்து, கை கழுவி, காத்திருந்த முதல் ஆளை உள்ளே கூப்பிட்டேன்.