பூட்ஸை வெச்சுக்கோ, பிள்ளையைக் கொடு

செப். 23, செவ்வாய்

வெயில். மழை வரும் வரும் என்று மேகம் மட்டும் கூடிக் கலைந்தது. கம்பெனி பஸ் லேட்.

வாங்க: அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, துணி சோப்பு, அருளுக்கு கிடார் கம்பி (தடிமனானது, போன தடவை மாற்றி வாங்கித் திட்டு).

இன்றைய கூத்தை எழுதி வைக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் தையல் ஹாலில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். ஒரு நாளைக்கு ஒருத்தியின் பென் டிரைவ். இன்று என் முறை. நல்ல மெலடியாகப் பொறுக்கிப் போட்டிருந்தேன். அதோடு எங்கள் பாட்டும் கிடந்திருக்கிறது. போன வாரம் சர்ச் ஹாலில் பதிவு செய்தது. நான் எழுதிப் பாடியது, தம்பி அருள் கிடார், என்னோடு தைக்கும் நூர்ஜஹானின் தம்பி இம்தியாஸ் டிரம்ஸ். அழிக்க மறந்துவிட்டேன்.

மூன்றாவது பாட்டாக வந்தது. முதலில் கிடார் மட்டும். பிறகு என் குரல்.

எட்டாம் நம்பர் பூட்ஸுக்குத்
தையல் போட்ட கை இது
யார் வீட்டுப் பிள்ளைக்குன்னு
யாரும் சொல்லலையே

ஓடிப்போய் நிறுத்தலாம் என்றால் ஸ்பீக்கர் பெட்டி அந்தக் கோடியில். இந்த மாதம் முழுக்க நாங்கள் தைப்பது ராணுவ பூட்ஸ். எந்த நாட்டுக்கு என்று கேட்டால் "பையருக்கு", அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிறவருக்கு, என்பார்கள்.

டிரம்ஸ் விழுந்து பல்லவி வந்தது. பூட்ஸை வெச்சுக்கோ, பிள்ளையைக் கொடு. ஒரு மெஷின் நின்றது. பக்கத்து மெஷின். பிறகு அந்த வரிசை. எல்லாருடைய காலும் பெடலை விட்டு இறங்கிவிட்டது. கன்வேயர் மட்டும் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போகிறது, எடுக்க ஆளில்லை. எலக்ட்ரீஷியன் மெஷின் லைனில் ஃப்யூஸ் போய்விட்டது என்று நினைத்து பேனல் பெட்டிக்கு ஓடினார். எல்லார் காலும் தரையில் இருப்பதைப் பார்த்துத்தான் நின்றார்.

நூர்ஜஹான் முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பேஜாரா இருக்குடி உன் பாட்டு. இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

தேவகி அக்கா மட்டும் எழுந்து வெளியே போனார். ஷிஃப்ட் முடியும் வரை வரவில்லை. அவர் மகன் பட்டாளத்தில், எல்லையில்.

செப். 24, புதன்

பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்காரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஜன்னல் அவருக்கு, ஓரம் எனக்கு. இன்று டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இறங்கும்போது கையைப் பிடித்தேன். உதறினார்.

"எம் புள்ள உயிரோட இருக்கான். அவனுக்கு எதுக்குடி ஒப்பாரி பாடற?"

திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்குள் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு எச்.ஆர். கூப்பிட்டார். ஏ.சி. குளிர், டேபிள் மேல் பிஸ்கட், எனக்கு இல்லை.

"யாருக்கு எதிரா பாட்டு இது?"

"யாருக்கும் எதிரா இல்ல சார். சண்டைக்கு எதிரா."

"நாம செய்யறதே மிலிட்டரி பூட்ஸு. பையர் கேட்டா இன்னா சொல்றது?"

"எந்த ஊருக்குப் போவுதுன்னு அவர் கிட்டயே கேட்டுச் சொல்லுங்க சார். நாங்களும் தெரிஞ்சிக்கறோம்."

முறைத்தார். லைன் நின்றதற்கு மன்னிப்பு எழுதித் தர வேண்டுமாம். ஆயுத பூஜை விழாவில் நாங்கள் மூவரும் பாடுவதாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். அங்கே இந்தப் பாட்டு வந்தால் வேலை இல்லையாம். "ஜாலியா ஒரு சினிமா பாட்டு பாடும்மா."

பென் டிரைவில் தவறி வந்ததற்கு எழுதித் தருகிறேன், பாட்டுக்கு எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப். 26, வெள்ளி

ஒருவழியாக மழை. ரோடு முழுக்க தோல் பதனிடும் ஷாப் வாடை, ஈரத்தில் இன்னும் ஜாஸ்தி.

பாட்டு ஊர் சுற்றுகிறது. எலக்ட்ரீஷியன் அன்றே என் பென் டிரைவிலிருந்து காப்பி எடுத்திருக்கிறார். திட்டப் போனால் மனிதர் என் முகத்தைப் பார்க்காமல், "எங்க அண்ணன் கார்கில்ல இருந்தாம்மா" என்றார். கேன்டீனில் யாரோ முணுமுணுக்கிறாள். டீக்கடையில் கேட்டேன், என் குரல். ஒரு மாதிரி கூச்சம்.

அருள் வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் வார்டில் ஒரு பழைய பட்டாளக்காரர், சர்க்கரையில் கால் விரல் போனவர். பக்கத்துக் கட்டில்காரனின் போனில் ஓடிய பாட்டைக் கேட்டுவிட்டு "எவன்டா எழுதனது?" என்று சத்தம் போட்டாராம். அருள் பயந்துபோய் அணைக்கப் போயிருக்கிறான். "அணைச்சே, தொலைச்சிடுவேன். வால்யூம் ஏத்து" என்றாராம். கண்ணில் தண்ணீர் இல்லை, கை மட்டும் கட்டில் கம்பியில் தாளம் போட்டதாம்.

இத்தனை பேர் உருகுவது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஏன் மறைக்க வேண்டும். அக்கா பேசாதது நெஞ்சை அறுக்கிறது. அதுவும் உண்மை.

முடிவு: எச்.ஆர். வேண்டாம் என்றால் பாடுவேன். அக்கா வேண்டாம் என்றால் பாட மாட்டேன்.

அம்மா: "வேலை போச்சுன்னா இன்னாடி பண்ணுவ?" தெரியாது என்றேன்.

செப். 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கேட்டில் தேவகி அக்கா. அணைக்கட்டுப் பக்கம் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நெற்றியில் பெரிய பொட்டு, கையில் போன். முகத்தைப் பார்த்து எனக்குத் திக்கென்றது.

"இந்தா. பேசு."

அவர் மகன் லைனில் இருந்தான். பாட்டு அவன் போனுக்கும் போய்விட்டிருக்கிறது.

"அக்கா, நாங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேட்டோம். தமிழ் தெரியாதவங்கதான் ஜாஸ்தி. அர்த்தம் கேட்டானுங்க, சொன்னேன். அப்புறம் ஒவ்வொருத்தனா வீட்டுக்கு போன் போட்டானுங்க." சிரித்தான். "ஆனா எனக்கு எட்டு பத்தாதுக்கா. ஒம்பது."

"மாத்திடறேன்பா."

"எம் பேரு மட்டும் எங்கயும் வேணாம். அம்மாவ பாத்துக்கோங்க."

போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்தார். "அவன அனுப்பறப்போ மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, ஊரே கூடி நின்னுது ரூத்து. நானும் சிரிச்சிக்கினே நின்னேன். அன்னிலேருந்து அழவே இல்ல. வீரன் அம்மா அழுவலாமா? அன்னிக்கு உன் பாட்ட கேட்டுட்டு பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன். அதான் உம் மேல அவ்ளோ கோவம்."

நானும் உட்கார்ந்து அழுதேன். பாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு நல்லவேளை உள்ளே போய்விட்டார்.

"பாடட்டுமாக்கா?"

"பாடலன்னா உன்ன சும்மா உடமாட்டேன்."

அவரை வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டேன். அம்மாவும் அவரும் சேர்ந்து எச்.ஆரைத் திட்டினார்கள். கறி கொஞ்சம் உப்பு.

செப். 30, செவ்வாய்

நாளை லீவு என்பதால் இன்றே பூஜை. மெஷின் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. தோல் வெட்டும் கத்திக்கும் பொட்டு. எல்லார் கையிலும் பொரி கடலை பொட்டலம். கன்வேயர் ஓரத்தில் மேடை. முன்வரிசையில் எச்.ஆர்., பெரிய மேனேஜர்.

அருள், "அக்கா, ரெண்டுல எது?" என்று கேட்டான். எது என்று அவனுக்கே தெரியும். இம்தியாஸ் குச்சியைச் சுழற்றிக்கொண்டு சிரித்தான்.

மைக்கில் சொன்னேன். "பாட்டு எழுதினது நான். மன்னிப்பு கேக்கச் சொன்னாங்க. கேக்கல." அதற்கே கைதட்டல்.

ஒன்பதாம் நம்பர் என்று பாடினேன். முதல் சரணம் முழுக்க ஒரே அமைதி, பொரி மெல்லும் சத்தம்கூட இல்லை. எச்.ஆர். எழுந்து ஸ்பீக்கர் பக்கம் போவது தெரிந்தது. பல்லவிக்கு வரும்போது மைக் செத்துப்போனது. கிடாரும். நான் தொண்டை கிழியக் கத்தினேன். இம்தியாஸ் விடாமல் அடித்தான். அடுத்த முறை பல்லவிக்கு என் குரல் எனக்கே கேட்கவில்லை. கீழே அத்தனை பெண்களும். நூர்ஜஹான் கன்வேயர் மேலே ஏறி நின்றுவிட்டாள். தேவகி அக்கா அழுதுகொண்டே பாடினார், எல்லார் முன்னாலும், முந்தானையால் மூடாமல்.

என் வாழ்நாளில் இப்படி ஒரு சந்தோஷம் இல்லை. கல்யாணப் பேச்சு முறிந்த அன்று கொஞ்சம் இருந்தது.

அக். 2, வியாழன்

தொண்டை இல்லை. மிளகுக் கஷாயம். தூறல்.

கம்பெனியில் இருந்து ஒரு மெசேஜும் இல்லை. அருள் திட்டுவான் என்று பார்த்தேன், புது பாட்டுக்கு ட்யூன் போட்டுக்கொண்டிருக்கிறான். அம்மா என்னை நேராகப் பார்க்காமல், "அந்தப் பல்லவி நல்லா இருக்குடி" என்றாள்.

துணி ஊற வைத்தது.

அக். 3, வெள்ளி

எழுதுவது கம்பெனிக்கு எதிர் டீக்கடையில்.

கேட்டில் கார்டைத் தேய்த்தேன், சிவப்பு விளக்கு. மறுபடி தேய்த்தேன், சிவப்பு. செக்யூரிட்டி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "லிஸ்ட்ல உன் பேர் இல்லம்மா" என்றார். பின்னால் வரிசை. நான் ஒதுங்கி நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தபடியே உள்ளே போனார்கள், ஒருத்தியும் பேசவில்லை. நூர்ஜஹானும் போய்விட்டாள். அது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இந்நேரம் மெஷின் சத்தம் ரோடு வரை வர வேண்டும், வரவில்லை. லீவு முடிந்து ஆயில் போடுகிறார்களோ என்னவோ.

தேவகி அக்கா கேட்டுக்கு வெளியே வருகிறார். இந்தப் பக்கம்தான் வருகிறார்.

"ஏங்க்கா, வேலை நேரத்துல வெளிய வந்துட்ட?"

"உள்ள எவளும் மெஷின்ல உக்காரல. நிக்கறாளுங்க. உன்ன கூட்டியாரச் சொன்னாளுங்க."

"என் கார்டு வேலை செய்யலக்கா."

"என்னுது செய்யுது. ஒட்டி நில்லு, ரெண்டு பேரும் போலாம். எழுந்திரு."