பட்டத்தில் பொறித்த பெயர்

அன்புள்ள வெல்தாவுக்கு, உன் முழங்கால் வலி குறைந்ததா?

வெப்சைட் கட்டும் மென்பொருளை விற்கும் அந்த நிறுவனம், பரீட்சையில் தேறினால் 'பார்ட்னர்' என்ற பட்டத்தைத் தரும் என்று நான் அன்றே சொன்னேன் அல்லவா? தந்துவிட்டது. நான் பரீட்சை எழுதியதைப் பார்த்து டப்ளினே வாயைப் பிளந்தது.

இனி ஊர் திரும்பி, அந்தப் பட்டத்தை வைத்து லியபாயாவில் நம் வீட்டிலிருந்தே தனியாகத் தொழில் செய்வேன் என்று இங்கே நான் வேலை பார்க்கும் கம்பெனி முதலாளி ஃபின்டனிடம் சொன்னேன்.

"பட்டம் நம்ம கம்பெனிக்குத்தான், அர்விட்ஸ். நீங்க போனா வெறுங்கையோடதான் போகணும்."

"கண்ணு முழிச்சுப் படிச்சவன் நான், தம்பி."

"அதுக்குத்தானே கேக் வாங்கியிருக்கேன். சாப்பிடுங்க."

கேக் நன்றாகத்தான் இருந்தது.

கறுப்பு ரொட்டியும் கம்பளிக் காலுறையும் அனுப்பு. என் ஆபீசுக்காக என்று மாடியில் குடியிருப்பவரை இப்போது காலி செய்யச் சொல்லாதே. பஸ் வந்துவிட்டது. பட்டத்தில் என் பெயரைப் பொறித்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னேனே, அது நானாகச் சேர்த்துச் சொன்னது.

அர்விட்ஸ்