கும்மியடித்துப் படித்த ஸ்பானிஷ்

வீரபாண்டி,
ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

தமிழ்மதி எழுதுவது. நானும் அத்தையும் நலம். தினமும் எனக்கு விடிகிற நேரத்தில், போனைச் செம்பில் சாய்த்து வைத்து என் முகத்தைப் பார்த்தபடி ராத்திரிச் சோறு சாப்பிடுகிறீர்கள். இளைத்துத்தான் போயிருக்கிறீர்கள். உங்கள் மில் பிரபாகர் அண்ணன் லீவு முடிந்து நாளை லிமாவுக்குக் கிளம்புகிறார். அத்தை சுட்ட முறுக்கோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் நடுவிலேயே சிரித்துவிடுவீர்கள்.

உங்கள் மில்லில் செக்கிங் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், ஸ்பானிஷில் பேசிக் காட்ட வேண்டும் என்றீர்கள். கூடவே, உனக்கெதுக்குக் கண்ணு அந்தத் தொல்லை என்றும் சொன்னீர்கள். எனக்கு ரோஷம் வந்து, ஆன்லைனில் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

வார்த்தைகள் சீக்கிரம் வந்துவிட்டன. ஆனால் நான் பேசுவது ஆன்லைன் டீச்சருக்குப் புரியவில்லை. வார்த்தையைத் துண்டு துண்டாகப் பிரி, ஒரு துண்டை மட்டும் அழுத்து என்றார். எந்தத் துண்டை என்று மண்டை காய்ந்தது. வள்ளி கும்மி பழகும்போதுதான் பிடிபட்டது. கா, மீ, சா என்று அடியெடுத்து வைத்து, மீயில் கை தட்டினேன். காமீசா என்றால் சட்டை. உயிரெழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின துண்டில் தட்ட வேண்டும். எழுத்தின் மேல் கோடு இருந்தால் அங்கே தட்ட வேண்டும். பருத்திக்கு அல், கோ, தோன், தட்டு கடைசியில். கம்பெனி பஸ்ஸில் இப்போது என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அத்தை, "என்ன சாமி ஆச்சு உனக்கு" என்று திருநீறு பூசிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வீடியோ இன்டர்வியூவில் உங்கள் மில் மேனேஜர் அம்மா பேசினார். மேசைக்கடியில் என் கை தானாகத் தட்டியது. அது என்ன சத்தம் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் எழுந்து இரண்டடி ஆடிக் காட்டினேன். அவரும் கை தட்டிச் சிரித்தார்.

பிறகு, இவ்வளவு தூரம் ஏன் வர ஆசைப்படுகிறாய் என்று கேட்டார். படித்து வைத்த பதிலை எல்லாம் விட்டுவிட்டேன். மி மாரீதோ கோமே சோலோ என்றேன். என் வீட்டுக்காரர் தனியாகச் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். கை தட்டவேயில்லை, ஆனாலும் அழுத்தம் தப்பவில்லை.

ரிசல்ட் வரவில்லை என்று நேற்று போனில் சொன்னது பொய். வேலை கிடைத்துவிட்டது மாமா. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விசாவை அவர்களே பார்த்துக்கொள்கிறார்களாம். அத்தை பொங்கலூரில் உங்கள் அக்கா வீட்டில் இருந்துகொள்கிறாராம். "அவன் எளச்சுப் போயிட்டான், நீ கெளம்பு கண்ணு" என்கிறார்.

ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கடைக்குப் போய் சாப்பிட இன்னொரு வட்டில் வாங்கி வையுங்கள்.

உங்கள்,
தமிழ்மதி