'செ' என்று கீறிய ரோட்டர்

என் ஆசை அப்பா,

நம் ஹெரால்டு கார் இன்னும் ஓடுகிறது. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது. உதிரிச் சாமான்தான் கிடைப்பதில்லை, சேலத்தில் பழைய சாமான் கடைகளில் நான் கிளறாத மூட்டை இல்லை. இந்த எண்பத்தைந்தில் ஊரெல்லாம் சின்னதாக வந்திருக்கும் புது வண்டியைப் பற்றித்தான் பேச்சு. என் வீட்டுக்காரரும் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். காது கேட்காதவள் போல இருந்துவிட்டேன்.

நீங்கள் வாங்கிய முதல் வண்டி இரண்டு கதவு ஹெரால்டு. அதை விற்று நான்கு கதவு வண்டி வாங்கினீர்கள், அதுவும் ஹெரால்டு. உங்கள் தம்பி, என் அருமைச் சித்தப்பா, புது அம்பாசிடரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "ஏனுங்கண்ணா, இன்னும் இந்தத் தகர டப்பாவுலதான் போறீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். வண்டியின் முன்முகத்தை முழுதாக முன்னால் சாய்த்துத் திறந்து, டயர் மேல் உட்கார்ந்து எஞ்சினைத் துடைக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

நீங்கள் ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். "என்ற பொண்ணு இந்த வண்டியிலதான் மாப்பிள்ளை ஊட்டுக்குப் போவா. நாந்தான் ஓட்டுவேன்." நாமகிரிப்பேட்டையில் அதைக் கேட்காத ஆள் கிடையாது.

என் கல்யாண நாளுக்கு வருகிறேன். உங்களுக்கு வலிக்கும். ஆனாலும் கேளுங்கள்.

வண்டியை எங்கே நிறுத்தினாலும் எஞ்சினிலிருந்து ரோட்டரைக் கழற்றிக்கொள்வது உங்கள் வழக்கம். கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு. அது இல்லாவிட்டால் சாவி இருந்தும் வண்டி கிளம்பாது, திருடனுக்கும் பயமில்லை. அதில் என் பெயரின் முதல் எழுத்தை ஊசியால் கீறி வைத்திருந்தீர்கள். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைப்பீர்கள். அன்றைக்கும் அப்படித்தான் வைத்து, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனீர்கள்.

தாலி கட்டி முடிந்து, கிளம்பும் நேரம். மாலை போட்ட வண்டி. நீங்கள் கைக்குட்டையைப் பிரித்தீர்கள், உள்ளே ஒன்றும் இல்லை. சட்டையை உதறினீர்கள். முட்டி போட்டுப் பந்தல் மண்ணைத் துழாவினீர்கள். சம்பந்தி வீட்டார் நேரம் போகிறது என்று முணுமுணுத்தார்கள். சித்தப்பா தம்முடைய அம்பாசிடரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அண்ணனுக்கு வயசாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கும்படி பரிதாபப்பட்டார்.

அந்த வண்டியில்தான் போனேன். ஜன்னலோரம் குனிந்து நீங்கள் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "என்னய நம்பி ஏமாந்துட்டியே சாமி."

அதற்குப் பிறகு சேலத்திலிருந்து புது ரோட்டர் வந்தது. நீங்கள்தான் ஓட்ட வரவில்லை. கையில் எடுத்ததையெல்லாம் எங்கே வைத்தோம் என்று ஒன்பது முறை பார்க்கிற ஆளாகிவிட்டீர்கள். உங்கள் புத்தி போய்விட்டது என்று நீங்களே நம்பி, அந்த நம்பிக்கையோடே போய்ச் சேர்ந்தீர்கள். கருமாதி முடிந்த கையோடு வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் சித்தப்பா. நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு சேந்தமங்கலத்தில் என் வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

போன தை மாதம் சித்தி என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் காப்பிகூடக் குடிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ என் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்கப்பா தொலைக்கல சாமி. எங்கூட்டுத் தகரப் பொட்டியில அடியில கெடந்துச்சு."

கறுப்புத் துண்டு. அதில் 'செ'.

வண்டியில் மாட்டிப் பார்த்தேன். ஒரே திருப்பில் கிளம்பியது. டயர் மேல் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இத்தனை வருடம் நம் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் முன்வரிசையில் உட்கார்ந்து விருந்து தின்றவர் அவர். சும்மா விடுவேனா?

தேடிப் போக வேண்டிய வேலைகூட எனக்கு இல்லாமல் போயிற்று. மாரியம்மன் கோயில் நோம்பிக்கு ஹெரால்டில் நம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா கிணற்றுப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். ராசிபுரத்திலிருந்து வந்த டாக்டர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, உயிருக்கு ஒன்றுமில்லை, சேலம் போய்ப் பாருங்கள் என்றார். அம்பாசிடர் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தது. அந்த நேரத்துக்கு நின்ற ஒரே வண்டி உங்கள் தகர டப்பா.

பின்சீட்டில் அவரும் சித்தியும். சேலம் போகும் வழியில், மல்லூருக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். முன்முகத்தைச் சாய்த்து ரோட்டரைக் கழற்றினேன். திரும்பி வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

"வண்டி கிளம்பாதுங்க சித்தப்பா. ரோட்டரைக் காணோம்."

அவர் என் விரித்த உள்ளங்கையில் 'செ' என்று கீறிய துண்டைப் பார்த்தார். பட்டப்பகலில் அவர் முகம் கறுத்ததை நான் அணு அணுவாகப் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது அப்பா, பொய் சொல்லமாட்டேன். கால் வலி தாங்கவில்லை, ஓட்டு சாமி என்று கெஞ்சினார். நான் அசையவில்லை. சித்திதான் ரோட்டைப் பார்த்தபடி, "சொல்லிப்போடுங்க" என்றார்.

"நாந்தான் எடுத்தேன். என்ற புது வண்டி நிக்கையில பொண்ணு அந்தத் தகர டப்பாவுல போனா என்ற மருவாதி என்னாவறது? ரெண்டு நாள்ல குடுத்துரலாம்னுதான் எடுத்தேன். அப்பறம் சொல்ல வாய் வல்லே."

ரெண்டு நாள்! அதோடு நிற்கவில்லை. ஊருக்குத் தெரிய வேண்டாம் சாமி என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் பதில் சொல்லவில்லை. ரோட்டரை மாட்டி, சேலத்து ஆஸ்பத்திரியில் பத்திரமாகக் கொண்டு சேர்த்தேன்.

நீங்கள் இருந்தால், "விடு சாமி, தம்பிதானே" என்றிருப்பீர்கள். நடுவழியில் நிறுத்தியது பாவம் என்றும் சொல்வீர்களோ? பாவமாகவே இருக்கட்டும். உங்களை மண்ணில் முட்டி போட வைத்தது எந்தக் கணக்கில் சேரும்?

அவருக்கு நான் சொல்லாத பதில்தான் இந்தக் கடிதம். உங்கள் நினைவு நாளுக்கு இதை அச்சடித்திருக்கிறேன். அன்று பந்தலில் உங்களைப் பார்த்து உச்சுக்கொட்டிய வீடு ஒன்று விடாமல் போய்ச் சேரும். முதல் பிரதி சித்தப்பாவுக்கு. மூன்று மாதம் காலை அசைக்கக் கூடாதாம், வாசலை ஒட்டிய ஆசாரத்துக் கட்டிலில்தான் கிடக்கிறார், எழுந்து போக வழியில்லை. சித்திதான் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டப்போகிறார், எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மெதுவாகப் படிக்கட்டும்.

இது உங்கள் மேல் சத்தியம் அப்பா. அந்தப் பிரதியைக் கொடுக்க ஹெரால்டில்தான் போவேன். அவர் வாசலில் நிறுத்தி, சித்தி கடைசி வரியைப் படித்து முடிக்கும்வரை எஞ்சினை அணைக்கமாட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் இதையும் கேட்கட்டும்: என் அப்பா எதையும் தொலைக்கவில்லை.

உங்களை நம்பி ஒருநாளும் ஏமாறாத மகள்,
செல்வி