அசையாத எண்

ஜூன் 3

வாலுவின் அப்பாவுக்கு,

நலம். “வீட்டுக்குப் பின்னாடி சுவரு விரிசல் விட்டிருக்கும்மா, அப்பாவோட மெஷினு ஒண்ணுமில்லைங்குது” என்று நம் வாலு போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நீங்கள் அனுப்பிய அளவுகளைப் பார்த்தேன். மழை தொடங்கியதிலிருந்து, சுவரின் சாய்வை அளக்க நீங்கள் பொருத்திய சாய்வுமானி ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. உங்களுக்கு அது நிம்மதி. எனக்கு அதுதான் பயம். மழைக்கும் வெயிலுக்கும் எந்தச் சுவரும் இம்மியாவது அசையும். மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏ.டி.சி. சில்லு அதில் பன்னிரண்டு பிட்தான்; முழு அளவையும் நாலாயிரத்துச் சொச்சம் படிகளாகத்தான் பிரிக்கும். ஒரு படிக்குள் அடங்கும் அசைவு அதன் கண்ணில் படாது.

மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் அந்தச் சுவரடியில்தான் குடியிருப்பு முழுவதும் இருக்கிறது. யோசியுங்கள்.

வாலுவின் அம்மா


ஜூன் 9

வாலுவின் அம்மாவுக்கு,

பிரிந்து போன பிறகும் என் வேலையில் குற்றம் காண உனக்கு நேரமிருக்கிறது. புதுக் கருவி கேட்டேன். “இருக்கறத வச்சு ஓட்டுங்க” என்று மேலதிகாரி கையை விரித்துவிட்டார். வழி தெரிந்தால் சொல், பயமுறுத்தாதே.

விரிசலில் இப்போது என் நகம் நுழைகிறது.

அவளுடைய அப்பா


ஜூன் 13

வாலுவின் அப்பாவுக்கு,

இத்துடன் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை. சாய்வுமானிக்கும் சில்லுக்கும் நடுவில் மாட்டுங்கள். அது சிறிது இரைச்சலைக் கலக்கும். சிரிக்காதீர்கள். இரைச்சல் இல்லாமல் எத்தனை முறை படித்தாலும் அதே எண்தான் வரும். ஒரு படியளவு இரைச்சல் சேர்ந்தால் எண் மேலும் கீழும் தாவும். எந்தப் பக்கம் அதிகம் தாவுகிறது என்பதில்தான் உண்மை இருக்கும். ஒவ்வோர் அளவுக்கும் இருநூற்றைம்பத்தாறு முறை படித்துச் சராசரி எடுங்கள். பதினாறு பிட் அளவுக்கு நுணுக்கம் கிடைக்கும்.

சராசரி ஒரே பக்கமாகப் போனால் யார் உத்தரவுக்கும் காத்திராமல் எல்லோரையும் வெளியேற்றுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலுவின் அம்மா


ஜூன் 24

அன்புள்ள உனக்கு,

முதலில் இதைப் படி: வாலு நலம், நானும் நலம்.

பலகையை மாட்டினேன். சராசரி மணிக்கு மணி ஒரே பக்கம் நகர்ந்தது. மேலதிகாரியிடம் ஓடினேன். “நீங்களே இரைச்சலைக் கலந்துட்டு, நம்பர் ஆடுதுங்கறீங்களே?” என்றார்.

“ஆடலை சார், சாயுது.”

உத்தரவு தரவில்லை. நானே வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். மறுநாளும் சுவர் நின்றது. என்னைத் திட்டாதவர்கள் இல்லை. மூட்டையோடு வீட்டுக்குத் திரும்பக் கிளம்பிய பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநரைப் பள்ளி வாசலில் மறித்தேன். சட்டையைப் பிடித்துவிட்டார். “பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஊரையே கிளப்பிட்டியே” என்றார். அதற்கு அடுத்த நாள் மதியம், பள்ளிக்கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது சுவர் இடிந்து வந்தது. நம் சமையலறை இருந்த இடத்தில் மண்தான் இருக்கிறது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டுநர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நேற்று விசாரணை. “யார் சொல்லி உத்தரவில்லாம ஜனங்களைக் கிளப்புனீங்க?”

“என் மனைவி சொன்னாங்க.”

“அவங்க உங்களோட இல்லையாமே?”

“வர்றாங்க சார்” என்று சொல்லிவிட்டேன்.

எழுதியும் கொண்டார்கள். இன்னும் நான் மாற்றிச் சொல்லவில்லை.

உன்
அவர்